வண்டி நிக்கி

ஐகோர்ட் துரையிடம் வாங்கிய வண்டி.
நாங்குநேரி டோல்கேட் நிழலில்
சாவியைத் தரும்போது சொன்னான்:
"எக்கா, பின்லைட்டப் பாத்தியளா?
மெட்ராஸ்ல குடுத்து அடிச்ச கறுப்பு."
கெத்துக்கு அடித்தது.
அந்தக் கெத்தோடு மூன்று மாதம் ஓட்டினேன்
பணகுடிக்கும் வள்ளியூருக்கும்,
ரத்தம் எடுத்துப் பார்க்கிற வேலைக்கு.

ஆனியில் காற்று எழுந்தது.
கணவாய்க் காற்றுக்குக்
காற்றாலைக்காரர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள்.
என் பானெட்டும் வைத்திருக்கிறது:
இருபத்தேழு புள்ளி.
முன்னால் போன ஜல்லி லாரி ஒவ்வொன்றும்
மொய் எழுதுகிற மாதிரி
ஒரு கல் வைத்துவிட்டுப் போயிருக்கிறது.
சில புள்ளியில் அடிப்பூச்சின் சாம்பல்.
சிலதில் தகரம்.
ஒன்றில் மட்டும் நீலம்.
நீலத்தைப் பற்றித் துரை சொல்லவில்லை.
நானும் போன் போட்டுக் கேட்கவில்லை.

வள்ளியூர் தாண்டி, விளக்கு வைக்கிற நேரம்,
நாய் குறுக்கே வந்தது. மிதித்தேன்.
பின்னால் வந்த தேங்காய் லாரி
என்னைத் தொடாமல் விலகி
தாரைவிட்டு இறங்கி
மண்ணில் முனகி நின்றது.
டிரைவர் இறங்கி வந்தார். கை நடுங்கியது.
ஏச்சு வாங்கத் தயாராய் நின்றேன்.
"நீ நின்னது எனக்குத் தெரியலம்மா" என்றார்,
தப்பு அவருடையது போல.
ரோட்டில் உருண்டு கிடந்த தேங்காய்களை
இரண்டு பேருமாகப் பொறுக்கினோம்.

ஞாயிற்றுக்கிழமை விளக்குகளைக் கழற்றினேன்.
தண்ணீர்க் காகிதம்:
எண்ணூறு, ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம்.
வாளியில் தண்ணீர். ஒரு சொட்டு சோப்பு.
தேய்க்கத் தேய்க்கக்
கறுப்பு, கலங்கிய பாலாய் வடிந்தது.
ரொம்ப நேரம் ஒன்றுமில்லை.
பிறகு பீட்ரூட் வெந்த தண்ணீர்.
பிறகு, தினமும் குழாய்களில் மூடிபோட்டு
பெயர் ஒட்டி அடுக்குகிறேனே,
அந்தச் சிவப்பு,
கொஞ்சம் பனி படிந்து.

வண்ணார்பேட்டைக் கடையில்
கதவுத் தகட்டிலிருந்த எண்ணைச் சொல்லி
நூறு மில்லி வெள்ளி நிறம் கலந்து வாங்கினேன்.
துருவைச் சுரண்டி, துடைத்து,
தீக்குச்சி முனையால்
புள்ளி புள்ளியாய் வைத்தேன்.
எண் சரி. கலவை சரி.
நிறம் சேரவில்லை.
கடைப் பையன் போனில் சொன்னான்:
"பெயிண்ட்ல தப்பில்ல மேடம்,
வண்டிதான் வெயில்ல வேறயாப் போச்சி."
இருபத்தாறு இடத்தில் இப்போது
என் வண்டி, பிறந்த நாளின் நிறத்தில் இருக்கிறது.
நீலத்தை மூடவில்லை.
துரு ஏறாதபடி
நிறமில்லாத நகப்பூச்சு ஒரு தடவை,
அவ்வளவுதான்.

விளக்குக்கு கிளியர் அடிக்கணும்.
அதற்குக் காற்று நிற்கணும்.
ஆனி மாதம் பணகுடியில்
காற்று நிற்கணும் என்கிறவளை
யாரும் வீட்டுக்குள் சேர்க்க மாட்டார்கள்.
குளியலறையைத் தாழ் போட்டு,
ஜன்னல் இடுக்கில் துண்டைத் திணித்து,
மூக்கைத் துப்பட்டாவால் கட்டிக்கொண்டு அடித்தேன்.
எங்கிருந்தோ ஒரு கொசு
ஈரத்தில் வந்து உட்கார்ந்தது.
எடுத்தால் தடம் விழும். விட்டுவிட்டேன்.
இடது விளக்கில் அது இன்னும் இருக்கிறது,
இறக்கை விரித்தபடி.

மாட்டியாயிற்று. எரிகிறதா, பார்க்கணும்.
மிதித்தால் பார்க்க முடியாது.
பார்க்கப் போனால் மிதிக்க ஆளில்லை.
இத்தனை வருஷ ஓட்டத்தில்
என் பிரேக் விளக்கை
ஒரு நாளும் நான் பார்த்ததில்லை.

அம்மிக் குழவியைத் தூக்கிவந்து
பெடலில் சாய்த்துவிட்டுச்
சுற்றிப் போனேன்.

எதிர்வீட்டு மதில் முழுக்கச் சிவப்பு.
முருங்கை மரம், தண்ணீர்த் தொட்டி,
தொட்டிமேல் பூனை எல்லாமே சிவப்பு.
லூர்தம்மாள் அக்கா ஜன்னலைத் திறந்தாள்.
"ஏட்டி, அங்கன யாரு நிக்கா?"
"யாருமில்லக்கா. வண்டி நிக்கி.
தெரியுதா?"
"கண்ணு கூசுது, மூதி" என்று
ஜன்னலை அடைத்தாள்.

பேட்டரி தீர்ந்துவிடும், தெரியும்.
இருந்தாலும் குழவியை எடுக்காமல்
கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்,
தேங்காய் லாரி நின்ற தூரத்தில்.